சிவப்பின் கீழே மஞ்சள்

முதல் நாள் பின்னேரம் நாலே முக்காலுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. மகளைக் கேட்டால் மறுநாள் காலை பத்து இருபது என்பாள். அவள் சொல்வது பிழையைக் கண்ட நேரம். நான் சொல்வது பிழையைச் செய்த நேரம். செய்தவன் நான் என்பதால் என்னுடைய நேரத்தையே முதலில் எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பிழையை ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். சொல்லாமல் விட்டால் இன்னொரு வீட்டில் இன்னொரு தகப்பன் ஆணியைக் காய்ச்சுவான். ஆகவே எழுதுகிறேன்.

நாலே முக்காலுக்கு நான் எங்கள் குசினியில், காஸ் அடுப்புக்கு முன்னால் நின்று, குறட்டில் பிடித்த ஒரு ஆணியைச் சிவக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட விடுமுறை. கிட்டத்தட்ட முப்பது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறவன் நான். விடுமுறையில் கை சும்மா இராது. மகள் வேலையால் வந்து சாமான் பையை மேசையில் வைத்துவிட்டு, தாயோடு பக்கத்துத் தெருவில் ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். பையைத் திறந்தேன். எனக்கு வேண்டிய பொருள் மேலேயே இருந்தது.

மகளுக்கு இருபத்து நாலு வயது. கூரைகளில் சூரியத் தகடு பூட்டி, அந்த மின்சாரத்தைச் சேமித்து வைக்கப் பற்றரிகளும் பூட்டிக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அந்தப் படிப்பைப் படித்துப் பாஸ் பண்ணிவிட்டுத்தான் போனாள். போன முதல் மாதம் அவளுக்கென்று கொடுத்த சாமான்களில் அவள் மிகவும் விரும்பியது ஒரு ராச்செற். நட்டை இறுக்குகிற கைப்பிடி அது. ஒவ்வொரு சுற்றுக்கும் கழற்றி மாட்டத் தேவையில்லை. முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரு பக்கம் கிர்ரென்று வழுகி மறுபக்கம் இறுக்கிக்கொண்டே போகும். சாதாரண ராச்செற் வெறும் இரும்பு. இது தலையிலிருந்து கால்வரை தடித்த சிவப்புப் பூச்சுப் போர்த்தியது. மின்சாரம் உள்ள இடத்தில் கைதவறி எதிலாவது முட்டினாலும் இரும்பு இரும்பைத் தொடாது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடத்தி, காவலி என்று படிப்பிக்கிறார்களே, அந்தக் காவலிதான் அந்தச் சிவப்பு.

அந்த ராச்செற்றை வேலைத்தலத்தில் மற்றவர்கள் இரவல் வாங்கிக்கொண்டு போய் எங்கேயாவது போட்டுவிடுகிறார்கள் என்று அவள் இரண்டு மூன்று முறை சலித்துக்கொண்டாள். எனக்கு அது போதும்.

எங்கள் வீட்டில் பெயர் வெட்டாத பொருள் கிடையாது. செம்பு, தட்டம், தாம்பாளம், இடியப்ப உரல், கடப்பாரை எல்லாவற்றிலும் பொட்டுப் பொட்டாக இரண்டு எழுத்து இருக்கும். இந்தப் பக்கத்துச் சனம் அப்படித்தான். சண்டைக்கு இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது, யாருடைய குசினியில் யாருடைய சட்டி இருந்தது என்பதை அந்த எழுத்துத்தான் சொன்னது. எங்கள் தாம்பாளம் மூன்று வீடு தள்ளி ஒரு வீட்டில் மாவு உலரப் போட்டபடி கிடந்தது. நான் எழுத்தைக் காட்டினேன். அவர்கள் மாவைக் கொட்டிவிட்டுத் தந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு எழுத்தில் பெரிய நம்பிக்கை. என் பிள்ளையின் பொருளுக்கு எழுத்து வெட்டுவது அன்பு என்றுதான் நினைத்தேன்.

சுத்தியலும் உளியும் அந்தப் பூச்சில் சரிவரவில்லை. ஆகவே ஆணியைக் காய்ச்சினேன். சூட்டு ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அவளுடைய எழுத்து ஒன்று, என்னுடைய எழுத்து ஒன்று. சிவப்பு விலகிய இடத்தில் உள்ளே நல்ல மஞ்சள் தெரிந்தது. சிவப்பு நடுவே மஞ்சள் எழுத்து. வடிவாக இருக்கிறது என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன். தகட்டில் எழுத்துப் பொறிப்பவன்கூட இப்படி வெட்டமாட்டான் என்று நினைத்தேன். துடைத்து, இருந்தபடியே பையில் வைத்தேன். சொல்லவில்லை. கண்டு சந்தோசப்படட்டும் என்றுதான் சொல்லவில்லை.

அந்த மஞ்சள் ஏன் அங்கே இருக்கிறது என்று நான் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ‘ஏன்’ என்று கேட்கப் பழக்கியவன்.

மறுநாள் புதன்கிழமை. அவள் ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் நீர்வேலிக்குப் போனாள். அங்கே ஒரு வாழைத் தோட்டக்காரர் குலைகளைப் பக்குவமாகப் பழுக்க வைக்கக் குளிர் அறை ஒன்று கட்டியிருந்தார். கூரையில் தகடு, பின்னால் சின்ன அறையில் பதினாறு பற்றரி. அன்றைக்குக் கடைசி இணைப்புகளை இறுக்கிவிட்டுச் சுவிட்சைப் போட வேண்டும். தோட்டக்காரர் நல்ல நேரம் பார்த்திருந்தார். பதினொன்று நாற்பதுக்குள் போட்டுவிட வேண்டும், பன்னிரண்டுக்கு ராகுகாலம்.

பத்து இருபதுக்கு என் போனில் ஒரு படம் வந்தது. கையுறை போட்ட ஒரு கை, அதில் ராச்செற், மஞ்சளாக என் இரண்டு எழுத்து. ஒரு சொல்லும் இல்லை.

நன்றி என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு அவளுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். பற்றரி அறைக்குள் போகும்போது போனையும் காப்பையும் வெளியே வைத்துவிட்டுத்தான் போவாள் என்பது எனக்குத் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அந்த ‘ஏன்’ வந்தது. ஒரே பூச்சுக்கு எதற்கு இரண்டு நிறம்? மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று ஒருவன் வேலை மினக்கெட்டுச் செய்திருக்கிறான் என்றால், மஞ்சள் தெரியும் நாள் ஒன்று உண்டு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மேல் தோல் வெட்டுப்பட்டுவிட்டது, இனி இதைத் தொடாதே என்று சொல்வதற்குத்தான் அந்த மஞ்சள்.

மனைவி என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். மோட்டார் சைக்கிளின் திறப்பை எடுக்கும்போது கீழே விழுத்தினேன். அவள் எடுத்துத் தந்தாள்.

மானிப்பாய், கோண்டாவில், இருபாலை, கோப்பாய் என்று போனேன். வழியில் எதைக் கண்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு கணக்குத்தான் தலைக்குள் ஓடியது. எழுத்து வெட்டிய இடம் கைப்பிடியின் நடு. அவள் பிடிக்கும் இடம் அதுதான். ஆணி மஞ்சளையும் தாண்டி இரும்புவரை போயிருக்குமோ? எழுத்தின் முனைகளில் நான் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினேன். அழுத்தியது விரலுக்கு ஞாபகம் இருந்தது.

பதினொரு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். அவள் பற்றரி அறை வாசலில் நின்றாள். உயிரோடு நின்றாள். வேலியோரம் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவன் அவர்களுடைய மேற்பார்வையாளன். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னிடம் பத்தாம் வகுப்பில் கணிதம் படித்தவன், கேத்திரகணிதத்தில் கெட்டிக்காரன். அவனுக்குக் கொஞ்சம் தள்ளித் தோட்டக்காரர், தலை முழுகித் தோய்ந்து பட்டுக்கரை வேட்டி கட்டி, பஞ்சாங்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். புது அறையில் காலையிலேயே பால் காய்ச்சி, குத்துவிளக்கு ஏற்றி, முதல் குலைகளைக் கட்டித் தூக்கிவிட்டிருந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். பத்து இருபதுக்கு அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு ராச்செற்றை எடுத்திருக்கிறாள். நட்டுக்கு ஒரு சாண் மேலே கொண்டு போனபோது மஞ்சளைக் கண்டிருக்கிறாள். அப்படியே பின்வாங்கி வெளியே வந்துவிட்டாள். எனக்குப் படத்தை அனுப்பிவிட்டு, இதால் வேலை செய்யமாட்டேன், வேறு ராச்செற் வரட்டும் என்று மேற்பார்வையாளனுக்குச் சொல்லியிருக்கிறாள். வேறொன்று அங்கே இல்லை. முதலாளியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, ஆள் எடுக்கவில்லை.

நான் முன்னால் போய் அதை வெட்டியது நான் என்று சொன்னேன். மேற்பார்வையாளன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

“சேர், நீங்களே? கொம்பாஸ் பெட்டியிலை பேர் எழுதாட்டிக் குட்டுற ஆள் எல்லே. இப்பவும் விடேல்லையோ?”

மகள் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

இந்த இடத்தில் நான் செய்த அடுத்த பிழையையும் எழுதிவிட வேண்டும். அவளுடைய வேலை போய்விடப் போகிறது, அதுவும் என்னால் போகப் போகிறது என்ற பயத்தில், வெட்டிய இடத்துக்கு மேலே கறுப்பு ரேப்பை, வயரில் ஒட்டுகிற அந்த நாடாவை, நாலைந்து சுற்றுச் சுற்றினால் போதாதா என்று கேட்டேன். சந்தியில் கடை இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் வாங்கி வருகிறேன் என்றேன்.

“அப்பா, நீங்கள் செய்தது காணும், போதும்,” என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். அவள் அப்படி என்னோடு முன்னர் கதைத்ததில்லை.

மேற்பார்வையாளன் தன்னுடைய ராச்செற்றைக் கொண்டுவந்தான். சாதாரண இரும்பு. கைப்பிடி முழுக்கச் சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தான். கறுத்து, மினுங்கி, கைபட்டு வழுவழுத்திருந்தது. பத்து வருடமாக இதால்தான் வேலை செய்கிறான் என்றான். மெயினை நிறுத்தியாகிவிட்டது, இனி என்ன பயம் என்று தோட்டக்காரர் கேட்டார். மெயினை நிறுத்தலாம் ஐயா, பற்றரியை நிறுத்த ஒரு சுவிட்சும் இல்லை, அது எப்போதும் உயிரோடுதான் இருக்கும் என்று மகள் அவருக்கு விளங்கப்படுத்தினாள். அவருக்கு விளங்கியதோ தெரியாது. பஞ்சாங்கத்தைக் காட்டி இன்னும் இருபத்தைந்து நிமிடம் என்றார்.

“பிள்ளை, ராகுகாலம் உன்ரை ராச்செற்றுக்காக வெளியிலை நிக்குமே?”

மேற்பார்வையாளனுக்குப் பொறுமை போய்விட்டது. வா, செய்து காட்டுகிறேன் என்று அறைக்குள் போனான். மகள் வேண்டாம் அண்ணை, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனாள். நான் வாசலில் நின்றேன். பற்றரிகள் இரண்டு வரிசையாக, முதுகோடு முதுகாக இருந்தன. நடுவே மூன்று விரல் இடைவெளி. இரண்டு பக்கமும் செப்புப் பட்டைகள். அவன் குனிந்தான். எந்த நட்டு என்று அவளைப் பார்த்துக் கேட்பதற்காக இன்னும் கொஞ்சம் குனிந்தான். அவனுடைய சட்டைப் பையில் ரெஸ்ரர் இருந்தது. சின்னத் திருப்புளி மாதிரி, மின்சாரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க எல்லோரும் குத்திக்கொண்டு திரிவது. அது வழுகி, இரண்டு பக்கப் பட்டைகளிலும் முட்டியபடி அந்த இடைவெளிக்குள் விழுந்தது.

நான் பார்த்தது ஒரு வெள்ளை. வெளிச்சம் என்று அதைச் சொல்ல முடியாது. கண் இருந்த இடத்தில் ஒரு கணம் வெள்ளை மட்டும் இருந்தது. கூடவே காதுக்குள் யாரோ பலகையால் அறைந்ததுபோல் ஒரு சத்தம். பிறகு எரிந்த உலோக மணம். பிறகு மகளின் குரல், “பின்னாலை வாங்கோ அண்ணை, ஒண்டையும் தொடாமல் வாங்கோ.” அவள் அவனுடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்த பிறகு பார்த்தோம். அவனுடைய வலது முழங்கைக்குக் கீழே மயிர் பொசுங்கியிருந்தது. தோல் சிவந்திருந்தது, வேறொன்றும் இல்லை. ரெஸ்ரர் கீழே விழுந்து கிடந்தது. மகள் நீளத் தடியொன்றால் அதை வெளியே தள்ளி எடுத்தாள். அதன் கம்பியில் நடுப்பகுதி இல்லை. உருகியது என்று சொல்வதற்கு உருகிய பொருள் எங்கேயாவது கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. இருந்தது, இல்லாமல் போனது.

இன்றைக்கும் கரும்பலகையில் நேர்கோடு கீறும்போது என் கை அந்த இடத்தில் ஒருமுறை நின்றுவிடுகிறது. கோட்டின் நடுவில். பிள்ளைகள் கவனித்திருக்கிறார்கள்.

ஒரு ரெஸ்ரர் அளவு இரும்புக்கு அது. ராச்செற் அதைப்போல் ஐந்து மடங்கு. அதைப் பிடித்திருக்கப் போவது ஒரு கை. இந்தக் கணக்கைச் செய்ய ஆசிரியர் தேவையில்லை.

மேற்பார்வையாளன் சிரிக்கப் பார்த்தான். சின்னப் பொறி சேர், இது நாங்கள் காணாததோ என்றான். பதினொன்று நாற்பதுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, முடித்துவிடலாம் என்றான். தோட்டக்காரர் பஞ்சாங்கத்தை இன்னும் மடிக்கவில்லை. மேற்பார்வையாளன் மறுபடி அந்த ரியூப் சுற்றிய ராச்செற்றைக் கையில் எடுத்தான். பொசுங்கிய கையோடுதான் அவன் உள்ளே போகப் பார்த்தான். நாலு பேர் பார்க்கப் பின்வாங்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மகள் கையுறையைக் கழற்றி மடித்து வைத்தாள். பற்றரி அறை வாசற்படியில், நட்டநடுவில் இருந்துகொண்டாள்.

“எழும்பு தங்கச்சி.”

“ஏலாது அண்ணை. சரியான சாமான் வரும்வரைக்கும் இந்த வாசலாலை ஒருத்தரும் போறேல்லை. நானும் போகன், நீங்களும் போகேலாது.”

“நீ எனக்கு உத்தரவு போடுறியோ?”

“ஓம். வேலை போனால் போகட்டும். நீங்கள் போனால் உங்கடை மனுசிக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?”

அவன் என்னைப் பார்த்தான். சேர், மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கோ என்று சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான்.

உண்மையைச் சொன்னால், அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் நான் வந்திருந்தேன். கோப்பாய்ச் சந்தியில் திரும்பும்போது முடிவெடுத்துவிட்டேன்: இன்றோடு இந்த வேலை காணும், பாங்கிலோ அரசாங்கக் கச்சேரியிலோ பார்த்துக்கொள்ளலாம் என்று. அவள் இந்த வேலைக்குப் போன நாளிலிருந்து எங்கள் சொந்தக்காரர் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான். பொம்பிளைப் பிள்ளையைக் கூரையில் ஏற்றிவிட்டு நீ கீழே நின்று பார்க்கிறாயோ என்று மனைவியின் தமையன் கலியாண வீட்டுப் பந்தியில் வைத்தே கேட்டார். அப்போதெல்லாம் நான் மழுப்பினேன். பயந்தவன் நான், அவர்கள் கேட்பதற்கு முதலே அதையெல்லாம் எனக்குள் கேட்டு முடித்தவன்.

ஆனால் அந்த வாசலில் பயப்படத் தெரிந்தவள் என் மகள் ஒருத்திதான். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயந்தாள். மேற்பார்வையாளன் நாலு பேருக்குப் பயந்தான், தோட்டக்காரர் ராகுகாலத்துக்குப் பயந்தார், நான் அவளுடைய வேலைக்குப் பயந்தேன். அவளை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போனால், அந்த வாசல் வெறுமையாக இருக்கும். அவன் உள்ளே போவான்.

நான் போய் அவள் பக்கத்தில் படியில் இருந்தேன். படி சின்னது. அவள் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள்.

“அப்பா, வெயில்,” என்றாள்.

“தெரியும்,” என்றேன்.

பதினொன்று நாற்பது போனது. பன்னிரண்டும் போனது. தோட்டக்காரர் பஞ்சாங்கத்தைக் கொண்டுபோய்க் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குலைகளைப் பார்த்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒரு மாஸ்டர் செய்கிற வேலையா இது என்று வாழைகளுக்குச் சொன்னார். அரை மணி கழித்து வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தது. அதை எங்கள் முன்னால் வைக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கோவம் வேறை, தேத்தண்ணி வேறை. குடியுங்கோ.”

மகள் தன் போனை எடுத்து எரிந்த ரெஸ்ரரின் படத்தையும் முதலாளிக்கு அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளம் ஒன்றும் வரவில்லை.

மேற்பார்வையாளன் எதிரே, வாழை நிழலில் குந்தியிருந்து கதைக்கத் தொடங்கினான். எங்களைத் தாண்டிப் போக அவன் மறுபடி முயலவில்லை. அடிக்கடி முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சண்டைக் காலத்தில் பற்றரியே வராத ஊரில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலை உழக்கி, டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள் என்றான். தன் தகப்பன் ஒரு ஸ்பானரையும் ஒரு துண்டு ரியூப்பையும் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க மோட்டார் திருத்தியவர் என்றான். இப்போது சிவப்பு நிறச் சாமான் இல்லையென்றால் வேலை செய்யமாட்டோம் என்கிறார்கள், பெரிய வெளிநாட்டுக்காரர் மாதிரி என்றான். அது எனக்கும் பட்டது. நானும் அப்படிச் சைக்கிள் உழக்கியவன். நான் உழக்க, அயல்வீட்டுச் சனமே கூடி நின்று செய்தி கேட்கும். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும்.

அந்தப் படியில் இருந்துதான் அதை நான் முதல்முறையாக வேறு மாதிரிப் பார்த்தேன். வேறு வழி இல்லாததால் அப்படிச் செய்தோம். யாரும் ஆசைப்பட்டு ரியூப் சுற்றவில்லை. இல்லாத காலத்தில் உயிரைப் பணயம் வைத்துச் செய்ததை, இருக்கிற காலத்தில் திறமை என்று பெயர் சொல்லிப் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறோம். நான் கொடுக்கமாட்டேன். என் மகளின் கைக்கு உலகத்தில் வேறெந்தப் பிள்ளையின் கைக்கும் கிடைக்கிற காவலி கிடைக்க வேண்டும். ஆயிரம் வோல்ட் என்று குறி போட்ட ராச்செற், ஓட்டை இல்லாத கையுறை, அவசரமில்லாத நேரம். இதைக் கேட்பது சொகுசு என்று யாராவது சொன்னால், எங்கள் வீட்டுக்கு வரட்டும். அந்த ரெஸ்ரரை வைத்திருக்கிறேன். காட்டுகிறேன்.

மேற்பார்வையாளனுக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. “அப்ப எங்களிட்டை ஒண்டும் இல்லை, தம்பி” என்று மட்டும் சொன்னேன். அவன் கையிலிருந்த ராச்செற்றைப் பக்கத்தில் மண்ணில் வைத்தான்.

இந்தக் கதை பிறகு ஊரில் பல விதமாகப் போனது. பற்றரி வெடித்தது என்றார்கள், மகளுக்குக் கண் போய்விட்டது என்றார்கள். நல்ல நேரத்தில் போடவிடாமல் தகப்பனும் மகளும் வாசலை மறித்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் எல்லாக் கதையிலும் இருந்தது. அது உண்மை. மறித்துக்கொண்டுதான் இருந்தோம். மனைவியின் தமையன் வீடு தேடி வந்து, இப்போதாவது பிள்ளையை மறியும் என்றார். அவளை மறிக்கமாட்டேன் என்றேன். முதல்முறையாக மழுப்பாமல் சொன்னேன். மனைவி உள்ளேயிருந்து, அவர் இனிமேல் சட்டியில்கூட எழுத்து வெட்டக்கூடாது, அதை மட்டும் மறியுங்கோ என்றாள். அதற்கு நான் ஒப்புக்கொண்டேன்.

ஒன்று ஐம்பதுக்கு ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. முதலாளி. அவரை நான் முன்னர் கண்டதில்லை. அரியாலையில் இருக்கிறார் என்று மட்டும் தெரியும். காற்சட்டையும் சப்பாத்துமாக ஒருவரை எதிர்பார்த்தேன். வந்தவர் வேட்டிக்கு மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு, கண் சிவந்து இருந்தார். படலைக்கு வெளியே நிறுத்தினார். உள்ளே வரவில்லை. தோட்டக்காரர் முறைப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு விரைந்து போனார். முதலாளி கையைக் காட்டிக் கிட்ட வராமல் நிறுத்தினார்.

“ஐயா, நான் உள்ளுக்கை வரேலாது. எங்கடை பெரியப்பாவின்ரை செத்தவீட்டாலை நேரா வாறன். இன்னும் தலை முழுகித் தோயேல்லை. இப்பதான் போனைப் பாத்தனான், வழியிலை கடையைத் திறந்து சாமானை மட்டும் எடுத்தனான்.”

பால் காய்ச்சிய வீட்டு வாசலில் அந்தச் சொல்லைக் கேட்டதும் தோட்டக்காரர் இரண்டடி பின்னால் வந்தார். முறைப்பாடு வாயிலேயே நின்றுவிட்டது.

முதலாளி மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மதிலின்மேல் வைத்தார். உறை பிரிக்காத ராச்செற், அதே சிவப்பு. பிறகு அங்கே நின்றபடியே மேற்பார்வையாளனைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னார். முழங்கையைப் பார்த்தார். ரியூப் சுற்றிய ராச்செற்றைக் கேட்டு வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். எழுத்து வெட்டியது யார் என்று கேட்டார். நான் படியிலிருந்து எழுந்தேன். கால் விறைத்துப் போயிருந்தது.

“சேர், இனி எழுத்து வெட்ட ஆசையெண்டால் என்ரை நெத்தியிலை வெட்டுங்கோ. சாமானிலை வேண்டாம்.”

சரி என்றேன்.

மகள் மதிலுக்குப் போய்ப் பெட்டியை எடுத்தாள். உறையைப் பிரித்து, ராச்செற்றைத் திருப்பித் திருப்பி, தலையிலிருந்து கால்வரை சிவப்பைப் பார்த்தாள். வேலையைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று காத்து நின்றாள். அவர் சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, தோட்டக்காரருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

“நல்ல நேரத்தைப் பற்றி ஐயாவோடை நான் கதைக்கிறன். நீ போய் அவசரப்படாமல் ஆறுதலாப் பூட்டு, பிள்ளை. இண்டைக்கு எனக்கு ஒரு செத்தவீடு காணும்.”